போய் வரும் பொருளுக்கு ஒரு எண்

(வேங்கிக்காலில் வணிகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலூர் பக்கமிருந்து வந்தவர்கள் இனாம்காரியந்தல் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை மேலே உள்ள ஆன்டெனா படிக்கிறது, தடுப்பு உயர்கிறது, கணக்கில் பணம் கழிகிறது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து நாடு முழுக்க இது கட்டாயமாகிவிட்டது. ஆர்.எஃப்.ஐ.டி. என்று நான் பேச வந்திருப்பது அதே தொழில்நுட்பத்தைத்தான். ஒரு பொருளுக்கு ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை வானொலி அலையால் தொடாமலே படித்துக்கொள்வது. வண்டிக்குச் செய்வதை உங்கள் கடை நாற்காலிக்கும் லாட்ஜ் விரிப்புக்கும் செய்ய முடியுமா, செய்தால் கட்டுப்படியாகுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடமிருந்து வெளியே போய் மறுபடி உங்களிடமே வரவேண்டிய பொருளுக்கு இதைச் செய்யுங்கள். விற்றதும் கைவிட்டுப் போகும் பொருளுக்கு இப்போது அவசரப்படாதீர்கள். இந்தக் கருவியை விற்க வருபவர்கள் பெரும்பாலும் கோடவுனில் இருக்கும் மூட்டையிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் ஏன் நேர்மாறாகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நாம் ஒட்டும் டேக்கில் பேட்டரி கிடையாது. மணல் அளவு சிப் ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய உலோக ஆன்டெனா, இவ்வளவுதான். படிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே அந்த சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பதிலையும் தானாக ஒலிபரப்புவதில்லை. சின்ன வயதில் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்ச்சுவரில் ஆட்டியிருப்போம். வெளிச்சம் சூரியனுடையது, ஆட்டம் நம்முடையது. டேக்கும் ரீடரின் அலையையே திருப்பி அனுப்புகிறது, அனுப்பும்போது தன் எண்ணுக்கேற்ற மாதிரி கூட்டிக் குறைத்து அனுப்புகிறது. இதற்காக நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை 2005ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அரசு அனுமதித்தது. ஃபாஸ்டேக் ஓடுவதும் இந்த வரிசையில்தான். சில மீட்டர் தூரத்திலிருந்து, ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான டேக்குகளைப் படிக்க முடியும். நூலகப் புத்தகத்தில் ஒட்டுவது வேறு வகை, 13.56 மெகாஹெர்ட்ஸ். அதைக் கிட்டே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆடுமாடு, யானைகளின் தோலுக்கடியில் வைக்கும் சிப் இன்னும் தாழ்ந்த அலைவரிசை, ரீடரை உடம்போடு ஒட்டிப் பிடித்தால்தான் பேசும்.

பார்கோடுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடை பார்கோடு ‘இது இன்ன ரக பிஸ்கட்’ என்று சொல்லும். அதே ரகத்தில் ஆயிரம் பாக்கெட் இருந்தால் ஆயிரத்துக்கும் ஒரே கோடு. டேக் அப்படியில்லை. அதில் 96 பிட் நீளமுள்ள எண் இருக்கிறது. ஒவ்வொரு நாற்காலிக்கும் தனி எண் கொடுத்தாலும் தீராது. ‘ஒரு சேர் குறைகிறது’ என்ற இடத்திலிருந்து ‘417ஆம் சேர் 3ஆம் தேதி மண்டபத்துக்குப் போனது, இன்னும் வரவில்லை’ என்ற இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

இப்போது நான் சொன்ன போய் வரும் பொருளுக்கு வருகிறேன். இதற்கு ரயில் வேகனைவிட நல்ல சாட்சி இல்லை. அமெரிக்காவில் ரயில் கம்பெனிகள் பல. ஒருவருடைய வேகன் இன்னொருவருடைய தண்டவாளத்தில் மாதக்கணக்கில் சுற்றும். எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தவித்தார்கள். 1967ல் எல்லா வேகன்களின் பக்கவாட்டிலும் வண்ணப் பட்டைகள் ஒட்டத் தொடங்கினார்கள். பாதையோரம் நின்ற கருவி வெளிச்சம் பாய்ச்சி அந்தப் பட்டைகளைப் படித்தது. அதற்குக் கார்ட்ராக் என்று பெயர், பார்கோடின் மூத்த அண்ணன். பத்து வருஷத்தில் கைவிட்டார்கள். காரணம் தூசியும் சேறும். பட்டையைத் துடைத்துச் சுத்தமாக வைக்க ஆளில்லை, கருவியால் படிக்க முடியவில்லை. 1990களில் அதே வேகன்களுக்கு வானொலி டேக் வைத்தார்கள். அழுக்கு அலையை மறைக்கவில்லை. அது நிலைத்தது. நம் இந்திய ரயில்வேயும் சரக்கு வேகன்களுக்கு இதே டேக்கைப் பொருத்தியிருக்கிறது.

அடுத்த சாட்சி, இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. 2003ல் அமெரிக்க வால்மார்ட் தனக்குச் சரக்கு தரும் முதல் 100 பெரிய கம்பெனிகளிடம், 2005 ஜனவரிக்குள் அட்டைப்பெட்டிகளிலும் பாலெட்டுகளிலும் டேக் ஒட்டித்தான் அனுப்ப வேண்டும் என்றது. உலகமே இனி பார்கோடு செத்தது என்று பேசியது. நடந்தது வேறு. சோப்பு, ஷாம்பு, டின் உணவு ஏற்றிய அட்டைப்பெட்டி ஒரு முறை போகும், பிரியும், குப்பைக்குப் போகும். அதன் மேல் ஒட்டிய டேக்கின் செலவு ஒவ்வொரு பெட்டிக்கும் புதிது. செலவு சரக்கு தருபவருக்கு, பலன் கடைக்காரருக்கு. திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை. பிற்பாடு டேக் துணிமணியில்தான் வேர்விட்டது. அதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒரே சட்டையில் ஐந்து அளவு, ஆறு நிறம் என்று முப்பது விதம் வந்துவிடும். அலமாரியில் எது இருக்கிறது, எது இல்லை என்று கையால் எண்ணி முடியாது. திருப்பூரில் வெளிநாட்டுக்குத் தைப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வாங்குபவர் கேட்பதால் விலை அட்டைக்குள்ளேயே டேக் வைத்து அனுப்புகிறார்கள்.

நம் திருவண்ணாமலை மாவட்டத்தையே பாருங்கள். செய்யாறு சிப்காட்டிலிருந்து காலணிகள் வெளிநாடு போகின்றன. ஏற்றுமதிச் சரக்கு போகும் கண்டெய்னர் இருக்கிறதே, அது போய் வரும் பொருளுக்கு உத்தமமான உதாரணம். உள்ளே இருப்பது விற்றுப் போகிறது, பெட்டி சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2016 ஜூலையில் மும்பைக்குப் பக்கத்தில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில், கண்டெய்னர்களில் டேக் ஒட்டி வழியெங்கும் படிக்கும் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற திட்டம் தொடங்கியது. பின்னால் தென்னாட்டுத் துறைமுகங்களுக்கும் வந்தது. கண்டெய்னர் எண்ணைக் கொடுத்தால் அது எந்த வாசலைத் தாண்டியது என்று பார்த்துக்கொள்ளலாம். 2017ல் சுங்கத் துறை இன்னொன்றும் செய்தது. தொழிற்சாலையிலேயே தாங்களாகவே சீல் வைக்கும் ஏற்றுமதியாளர்கள் ஆர்.எஃப்.ஐ.டி. உள்ள மின்னணு சீல்தான் போட வேண்டும் என்றது. துறைமுக வாசலில் அதைப் படிக்கும்போது வழியில் யாராவது உடைத்தார்களா என்று தெரிந்துவிடும்.

இனி நம் ஊருக்கு. இந்தக் கூட்டத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசப் போகிறேன், ஏனென்றால் ஆர்.எஃப்.ஐ.டி. பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் உங்கள் தொழில் இருக்காது.

முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம் குட்டியானை வண்டி வந்து நிற்கிறது. அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை, சாரணி, வாளி, ஜல்லிக்கரண்டி, சேர், பந்தி மேஜை, ஜமக்காளம் எல்லாம் ஏறுகின்றன. கார்பன் வைத்த சீட்டில் எண்ணிக்கை எழுதி, ஒரு நகல் மண்டபத்துக்கு, ஒரு நகல் கடைக்கு. மறுநாள் மத்தியானப் பந்தி முடிந்து, பாத்திரம் தேய்த்து, இறக்கும்போது ராத்திரி ஆகிவிடும். தூக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் ஒருவர் சீட்டைப் பிடித்து வாசிக்க, இன்னொருவர் எண்ணுகிறார். பக்கத்து மண்டபத்துக்குச் சரக்கு கொடுத்த வேறொரு கடையின் வாளியும் இதில் கலந்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு பாத்திரத்திலும் கடைப் பெயரை வெட்டி வைத்திருக்கிறீர்கள், பெயின்டில் எழுத்தும் போட்டிருக்கிறீர்கள். பொருளுக்கு அடையாளம் போடுவது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடை அடையாளம் இருக்கிறது, ஒவ்வொரு உருப்படிக்குமான எண்தான் இல்லை.

இதில் முதல் தடை பொருளே. பாத்திரம் உலோகம். வானொலி அலை உலோகத்தில் பட்டால் சிதறும். சாதாரண ஸ்டிக்கர் டேக்கை எவர்சில்வர் மேல் ஒட்டினால் அது செத்த மாதிரிதான், ஒரு அடியிலிருந்துகூடப் படிக்காது. உலோகத்துக்கென்றே தனி டேக் உண்டு, ஆன்டெனாவுக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுச் செய்தது. தடிமனாக இருக்கும், விலையும் கூடுதல். சாதாரண டேக் சில ரூபாய் என்றால் இது பல பத்து ரூபாய், நூறைத் தாண்டுவதும் உண்டு. அதையும் அடுப்பில் ஏறும் பாத்திரத்தின் அடியிலோ வயிற்றிலோ வைக்க முடியாது, விறகு நெருப்பில் கருகிவிடும். போதாததற்கு வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிறீர்கள். உள்ளே இருக்கும் வாளிக்கு வெளி வாளி கவசமாகிவிடும், அலை உள்ளே போகவே போகாது.

ஆகையால் எல்லாவற்றுக்கும் டேக் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். பெரிய அண்டா, கொப்பரை, காஸ் அடுப்பு, ஜெனரேட்டர் மாதிரி விலை உயர்ந்த உருப்படிகளுக்கு மட்டும், நெருப்பு படாத கைப்பிடி ஓரத்தில், போல்ட் வைத்து உலோக டேக் பொருத்துங்கள். வாளி, தட்டு, டம்ளரை எண்ணிக்கைப்படி மூட்டையிலோ பிளாஸ்டிக் கூடையிலோ போட்டு, அந்தக் கூடைக்கு ஒரு டேக். கரண்டியை எண்ணவே எண்ணாதீர்கள், எடைபோடுங்கள். சாக்கில் போகும்போது எத்தனை கிலோ, வரும்போது எத்தனை கிலோ. ஆயிரம் வருஷத்துக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன் பாத்திரங்களை ஆடவல்லான் என்னும் கல்லால் எடைபோட்டு, இன்னது இத்தனை எடை என்று கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இருப்புப் பதிவேட்டைக் கல்லில் எழுதியவர்கள் நாம். தராசு இருக்கும் இடத்தில் தராசே சிறந்த கருவி.

உங்கள் சரக்கில் டேக்குக்கு மிகவும் தோதானது பிளாஸ்டிக் சேர்தான். பிளாஸ்டிக் வழியாக அலை தடையின்றிப் போகும். ஒரு சேர் பத்து வருஷம் போய்வரும், எத்தனையோ கல்யாணம் பார்க்கும். சில ரூபாய் டேக்கை அத்தனை வாடகைகளுக்குப் பிரித்தால் ஒரு நடைக்குப் பைசாக் கணக்கில் நிற்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். சேர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது எல்லா டேக்கும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒன்றையொன்று கெடுக்கும். ஒரு சேருக்கு இடது காலில், அடுத்ததற்கு வலது காலில், அதற்கடுத்ததற்கு முதுகில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். குஷன் வைத்த இரும்புச் சேர் என்றால் பழையபடி உலோக டேக் கணக்குக்குத்தான் போக வேண்டும். சென்ட்ரிங் ஷீட், ஜாக்கி வாடகைக்கு விடும் நண்பர்களுக்கும் இதேதான். இரும்புக்கு உலோக டேக், ஷீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை.

லாட்ஜ் நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் நிரம்பும், கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். எல்லா அறைகளும் ஒரே ராத்திரி நிரம்பி மறுநாள் காலியாகும். விரிப்பு, தலையணை உறை, டவல் எல்லாம் ஒரே நாளில் மலை மாதிரி சலவைக்குப் போகும். பல லாட்ஜ்களின் துணி ஒரே சலவைக் கூடத்தில் கலக்கும். முன்பு வண்ணார்கள் சேங்கொட்டைச் சாறால் துணியின் மூலையில் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள், வெள்ளாவியில் வைத்தாலும் அழியாது. எந்தக் குறி எந்த வீடு என்பது அவர்கள் மனதில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்தவர்கள் ஊர்த் துணி அத்தனையையும் பிசகாமல் வீடு சேர்த்தார்கள். அந்த அறிவுக்கு நாம் உரிய மரியாதை தரவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது சலவைக்கென்றே வரும் டேக் சுண்டுவிரல் நீளத்தில் மெல்லிய நாடா மாதிரி இருக்கிறது. விரிப்பின் மடிப்புத் தையலுக்குள் வைத்துத் தைத்துவிடலாம், படுப்பவருக்கு உறுத்தாது. ஏறக்குறைய 200 சலவை தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், இஸ்திரிச் சூட்டையும் தாங்கும். அதற்குள் விரிப்பே நைந்துவிடும். மூட்டையை அவிழ்க்காமல் ரீடர் முன் வைத்தால் உள்ளே எத்தனை விரிப்பு, எத்தனை டவல் என்று வரும். ஆனால் ஈரத் துணியை அப்படிப் படிக்காதீர்கள். தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். போகும்போதும் காய்ந்து வந்த பிறகும் படியுங்கள். கூடவே ஒரு லாபம், எந்த விரிப்பை எத்தனை முறை துவைத்தார்கள் என்பது தெரியும். துணி சீக்கிரம் கிழிகிறதென்றால் நெசவின் குறையா, சலவைக் காரத்தின் குறையா என்று பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

அரிசி ஆலைக்காரர்கள் என்னிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆரணி அரிசி மூட்டைக்கு டேக் வேண்டாம். மூட்டை போனால் வராது, லாபம் மூட்டைக்கு இவ்வளவுதான் என்பது உங்களுக்கே தெரியும், எடைமேடை சீட்டு போதும். ஆரணிப் பட்டு விற்பவர்கள் யோசிக்கலாம், ஒவ்வொரு சேலையும் ஒரு விதம், விலையும் பெரிது. நகைக்கடைகளில் நூலில் தொங்கும் சின்ன டேக் வைத்து ராத்திரி தட்டுத் தட்டாக இருப்பு எடுக்கிறார்கள், அதற்கும் இதுவே காரணம். நூலகப் புத்தகம், சென்னை மெட்ரோ 2015ல் ஓடத் தொடங்கியபோது கொடுத்த டோக்கன், இரண்டும் போய்த் திரும்பி வந்தவைதான்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். பொருள் குறைந்தால் பழி யார் மேல் விழுகிறது? கடைசியாக அங்கே நின்றவர் மேல். லோடு ஏற்றும் பையன் மேல், பாத்திரம் தேய்க்கும் அம்மா மேல், ரூம் பாயின் மேல். யாரும் வாய்விட்டுத் திருடன் என்று சொல்ல மாட்டார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அல்லது அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பையன் ஏன் என்று கேட்கக்கூட முடியாது. ஏற்றும்போதே சீட்டு தப்பாக இருந்ததா, மண்டபத்தின் ஸ்டோர் ரூமிலேயே கிடக்கிறதா, வேறு கடை வண்டியில் ஏறிவிட்டதா என்று யாருக்கும் தெரியாத இருட்டில் அந்தப் பழி விழுகிறது. கடை வாசலில் ஒரு ரீடர் வைத்து, போவதும் வருவதும் பதிவானால் இந்த இருட்டில் பாதி விலகும். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் இருக்கும் பிரியத்துக்கு முதல் காரணமே இதுதான், லாபக் கணக்கு அப்புறம்தான்.

ஆனால் அதே கருவி அநியாயத்துக்கும் துணை போகும், கவனமாக இல்லாவிட்டால். ரீடர் ஒரு எண்ணைக் காட்டினால் அந்தப் பொருள் அங்கே இருந்தது என்பது உறுதி. காட்டாவிட்டால் பொருள் இல்லை என்பது உறுதியில்லை, ‘நான் படிக்கவில்லை’ என்பது மட்டுமே உறுதி. நடுவில் ஒரு அண்டா மறைத்திருக்கலாம், ஈரம் இருந்திருக்கலாம், டேக்கே உடைந்திருக்கலாம். கம்ப்யூட்டர் திரையில் ‘2 குறைவு’ என்று வந்ததை வைத்து ஒருவர் கூலியில் கை வைக்காதீர்கள். திரை சொன்னதும் செய்ய வேண்டியது, போய் அந்த இரண்டைத் தேடுவது. அதேபோல் டேக் பொருளுக்குத்தான், ஆளுக்கில்லை. வேலையாள் எந்த நேரம் எங்கே நின்றார் என்று பார்க்க இதைத் திருப்பினால், அவர்களே முதல் வேலையாக டேக்கைப் பிய்த்துப் போடுவார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாசலில் நிரந்தரமாக நிற்கும் ரீடரும் ஆன்டெனாக்களும் சிறு கடைக்கு முதலில் தேவையில்லை. கையில் பிடிக்கும் ரீடர் ஒன்று போதும். அதுவும் பல பத்தாயிரத்திலிருந்து லட்சத்தைத் தாண்டும் வரை இருக்கிறது, ஆகையால் மூன்று நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கலாம். ஒரே நாளில் எல்லோருக்கும் முகூர்த்தம் வருமே என்பீர்கள், நியாயம்தான். இருப்பு எடுப்பதற்குப் பகிர்ந்துகொள்ளலாம், வண்டி ஏற்றி இறக்குவதற்குப் பகிர முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். வாங்குவதற்கு முன் விற்பவரை உங்கள் கடைக்கே வரச்சொல்லுங்கள். அவர் ஆபீசில் அட்டைப்பெட்டிகளை வைத்துக் காட்டும் வித்தை வேண்டாம். உங்கள் குட்டியானையில், உங்கள் சேர்களை, நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற மாதிரியே ஏற்றச்சொல்லி, வண்டி நிற்கும் இடத்தில் படிக்கச்சொல்லுங்கள். நூறு சேர் ஏற்றினால் நூறும் வருகிறதா, எத்தனை முறை சுற்றிவந்தால் வருகிறது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்க நல்ல மாதம் ஆடி. முகூர்த்தம் இருக்காது, சரக்கு பெரும்பாலும் கடையிலேயே இருக்கும். முதலில் டேக் வாங்காதீர்கள். ஒரு நோட்டில் உருப்படி உருப்படியாக எழுதுங்கள்: என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன விலை, இப்போது என்ன நிலை. ஓட்டை விழுந்ததையும் கால் உடைந்ததையும் தனியே ஒதுக்குங்கள், அவற்றுக்கு எண் கொடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். மிஞ்சியதில் சேர்களை மட்டும் எடுத்து டேக் ஒட்டுங்கள், டேக்குக்குப் பக்கத்திலேயே அதே எண்ணைப் பெயின்டில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதுங்கள். ரீடர் பழுதானால் கண் படிக்கும். ஆவணி முகூர்த்தங்கள் ஓடும்போது பழைய கார்பன் சீட்டையும் நிறுத்தாதீர்கள். கையால் எண்ணியது ஒரு பக்கம், ரீடர் எண்ணியது மறுபக்கம் என்று இரண்டையும் எழுதிக்கொண்டே வாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் வரும் நாளில் எந்தப் பொருள், எந்த அடுக்கு, வண்டியின் எந்த மூலை என்று குறித்து வையுங்கள். ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன் அந்தக் குறிப்பைப் பார்த்து டேக்கின் இடத்தை மாற்றுங்கள், ஏற்றும் முறையை மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் அண்டாவுக்குப் போக வேண்டும்.